படிவத்தில் இல்லாதவர்கள்: இராமநாதபுரம் கடற்கரைச் சிற்றிதழ் ஒன்றைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பதிவுபெற்ற இதழ் ஒவ்வொன்றும், பிப்ரவரி முடிந்து வெளிவரும் முதல் இதழில், தன் உடைமை விவரங்களை நான்காம் படிவம் என்ற பெயரில் அச்சிட வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் பதிவு விதிகள் வகுத்தன. வெளியாகும் இடம், கால இடைவெளி, அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர், உரிமையாளர் என்று அந்தப் படிவம் வரிசையாகக் கேட்டது. சிற்றிதழ்களில் பெரும்பாலும் எல்லா வரிகளிலும் ஒரே பெயர்தான் இருக்கும். இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இதழிலும் நெடுங்காலம் ஒரே பெயர்தான் இருந்தது. ஆனால் அது, வாசகர்கள் ஆசிரியர் என்று அறிந்திருந்த மனிதரின் பெயர் அன்று. அவருடைய மனைவியின் பெயர். இதழை நடத்திய கணவர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தார். முன் அனுமதி பெறாமல் அரசு ஊழியர் எவரும் இதழ் ஒன்றை உடைமையாகக் கொள்ளவோ நடத்தவோ கூடாது என்பது 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதி. அனுமதி கேட்டு அலைவதைவிட மனைவியின் பெயரில் பதிவுசெய்வது எளிது என்று அவர் முடிவுசெய்தார். தமிழ்நாட்டில் ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் நடத்திய சிற்றிதழ்கள் பலவற்றின் கதை இதுவே.

சிற்றிதழ் வரலாற்றை ஓர் ஆசிரியரின் தியாகமாக எழுதும் வழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’ சிற்றிதழ் 119 இதழ்கள் வந்து 1970-இல் நின்றது என்று சொல்லும்போது, நம் கண்முன் நிற்பவர் செல்லப்பா ஒருவரே. அந்த மதிப்பில் தவறு எதுவும் இல்லை. ஆனால் ஓர் இதழ் ஏன் நின்றது, ஏன் நிற்காமல் தொடர்ந்தது என்று விளங்கிக்கொள்ள அது போதாது. இந்தக் கடற்கரை இதழின் தொகுப்பையும், கணக்கேடுகளையும், கோப்பில் இருக்கும் கடிதங்களையும் படித்து, அதில் உழைத்தவர்களோடு பேசியபின் என் முடிவு இது: இதழின் ஆயுளைத் தீர்மானித்தவர்கள் முகவரிப் பதிவேட்டை வைத்திருந்தவரும், கரையிலிருந்து செய்தி கொண்டுவந்தவர்களும்தான். அவர்கள் கேட்டுக்கொண்டபடி இதழின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் இங்கே தவிர்த்திருக்கிறேன்.

இதழ் 1990-களின் பிற்பகுதியில், கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரிலிருந்து காலாண்டிதழாகத் தொடங்கியது. இராமநாதபுரத்துக்கும் இதழ்களுக்கும் உள்ள உறவு பழையது. 1901-இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர், இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் குடும்பத்தைச் சேர்ந்தவர். அச்சங்கம் வெளியிட்ட ‘செந்தமிழ்’ இதழின் முதல் ஆசிரியரான ரா. இராகவையங்கார் சேதுபதி அரசவைப் புலவர். ஆனால் அந்த மரபு அரண்மனையும் புலவர்களும் சார்ந்தது. சுவடிகளையும் பாட்டுகளையும் பேணிய அந்த இதழ் மரபில் கடற்கரை ஊர்களின் அன்றாட வாழ்க்கைக்கு இடம் இருக்கவில்லை. தமிழ்நாட்டுக் கடலோர மாவட்டங்களில் மிக நீண்ட கரை இராமநாதபுரத்துக்கு உரியது. தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பாக் நீரிணை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் மன்னார் வளைகுடா என்று இரண்டு கடல்கள். இவ்வளவு நீளமான கரையைப் பற்றி மாவட்டத் தலைநகரில் அச்சாகும் எழுத்து இவ்வளவு குறைவாக இருப்பது ஏன் என்ற கேள்விதான் தமிழாசிரியரை இதழ் தொடங்க வைத்தது. முதல் இதழின் தலையங்கமும் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது.

தொடக்க இதழ்கள் அந்தக் கேள்விக்கு விடை தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளின் உள்ளடக்கத்தில் பெரும்பகுதி மாவட்டத்து ஆசிரியர்களும் கல்லூரி விரிவுரையாளர்களும் எழுதிய கவிதைகள், சங்க இலக்கியத்தில் நெய்தல் குறித்த கட்டுரைகள், நூல் மதிப்புரைகள். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வந்திருந்தாலும் வேறுபாடு தெரியாது. கடல் அதில் பாடுபொருளாக இருந்தது. கடலில் உழைப்பவர் எவரும் இல்லை.

மாற்றம் நாட்டுப்படகு மீனவர் ஒருவரால் வந்தது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். தமிழாசிரியரின் பழைய மாணவர். தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயலைப் பற்றி இதழில் வந்த ஒரு கட்டுரையில், எழுதியவர் காற்றுத் திசையைத் தலைகீழாகக் குறிப்பிட்டிருந்தார். மீனவர் இதழைக் கையில் எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்கு வந்து, வாடைக்காலத்தில் புயல் கரையேறும்போது காற்று எப்படித் திரும்பும், கடல் எந்தப் பக்கமிருந்து ஊருக்குள் ஏறும் என்று திண்ணையில் உட்கார்ந்து விளக்கினார். ஆசிரியர் அதை அப்படியே எழுதி எடுத்து அடுத்த இதழில் அவர் பெயரிலேயே வெளியிட்டார். அதன்பின் ஒவ்வோர் இதழிலும் அவருடைய பக்கம் தொடர்ந்தது: வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்று மாறும்போது நீரோட்டம் எப்படி மாறுகிறது, எந்தக் காற்றில் எந்த வலை இறங்கும், சூடை மீன் எப்போது கரையோரம் வரும், கணவாய்க்கு எந்த ஆழம் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். இன்று அந்தப் பக்கங்களைத் தொடர்ச்சியாகப் படித்தால், இக்கரையின் மீன்பிடி அறிவு ஒரு மனிதரின் அனுபவ எல்லைக்குள் எவ்வளவு நுட்பமாகப் பதிவாகியிருக்கிறது என்பது தெரியும்.

அவர் வழியாகப் பாசி எடுக்கும் பெண்கள் வந்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமானது. தலைமுறைகளாகத் தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற கடற்பாசிகளை எடுத்துவந்த பெண்களுக்கு, தாங்கள் வேலை செய்த இடம் ஒரு நாள் தடைசெய்யப்பட்ட பகுதியாயிற்று. அவர்களில் மூத்த ஒருவரை இதழில் பேச வைக்க வேண்டும் என்று மீனவர் வற்புறுத்தினார். அந்தப் பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒலிப்பதிவுக் கருவியோடு சென்று பதிவுசெய்து, அதை எழுத்தாக்கி அச்சுக்கு அனுப்பிவிடுவது வழக்கமான முறை. இந்த இதழ் இன்னொரு படியைச் சேர்த்தது. அதுவே இதன் மிகச் சிறந்த பங்களிப்பு என்று நான் கருதுகிறேன். பிழை திருத்துவதற்கான மெய்ப்புப் படி வந்தபின் அதைச் சொன்னவரிடமே எடுத்துச்சென்று முழுவதும் வாசித்துக் காட்டினார்கள்.

முதல் முறை வாசித்துக் காட்டியதைப் பற்றி அன்று உடனிருந்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்த அம்மாள் கடலிலிருந்து திரும்பி, விரல்களில் சுற்றியிருந்த துணிக் கிழிசல்களை அவிழ்த்துக்கொண்டே கேட்டார். அடிப்பாறையில் கை கிழியாமல் இருக்கச் சுற்றுவது அது. காலில் ரப்பர்ச் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி. வனத்துறையினரைக் கண்டதும் பெண்கள் பயந்து ஓடினார்கள் என்று கட்டுரையில் ஒரு வரி இருந்தது. அந்த இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னார். “ஓடலங்க வாத்தியாரய்யா. படகுல பேசாம உக்காந்திருந்தோம். பாசியத் திரும்பக் கடல்ல கொட்டச் சொன்னாங்க, கொட்டுனோம். அதை எழுதுங்க” என்றார். வரி மாற்றப்பட்டது. பயந்தவர்களின் கதையாக வெளிவந்திருக்க வேண்டியது, ஒரு நாள் உழைப்பு கண்முன்னே கடலில் கொட்டப்பட்ட கதையாக வெளிவந்தது. பிந்தையது எவ்வளவு வலிமையானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அன்றுமுதல், வாய்மொழியாகச் சொல்லப்பட்ட எதையும் சொன்னவரிடம் வாசித்துக் காட்டாமல் அச்சிடுவதில்லை என்பது எழுதப்படாத விதியாயிற்று. இதனால் இதழ்கள் தாமதமாயின. சில பக்கங்கள் கடைசி நேரத்தில் நீக்கப்பட்டன. அந்த விலை கொடுக்கத் தக்கதே.

மூன்றாமவர், பேருந்து நிலையத்துக்கு அருகே ஜெராக்ஸ், டி.டி.பி. (கணினிவழிப் பக்க அமைப்பு) கடை நடத்திய பெண். முதலில் பக்க வடிவமைப்புக்குக் கூலி வாங்கிய தொழிலாளியாகத்தான் இதழுக்குள் வந்தார். பின்னர் முகவரிகளைத் தட்டச்சு செய்யும் வேலை, அதன்பின் சந்தாக் கணக்கு, கடைசியில் அஞ்சல் முழுவதும் அவர் பொறுப்பாயிற்று. ஆசிரியரின் மனைவியும் அவரும் சேர்ந்து, கடையின் பின்னறையில் மைதாப் பசை காய்ச்சி, பழுப்புத்தாள் மேலுறை ஒட்டி, அச்சுப் படிகளுக்கான அஞ்சல் வகையான புக் போஸ்ட்டின் முத்திரை குத்தி, அஞ்சல் குறியீட்டு எண்ணின்படி கட்டுகளாகப் பிரிப்பார்கள். சிவகாசியில் அச்சாகி மதுரை வழியாகப் பேருந்தில் வரும் பார்சல் மாலையில் இறங்கினால், மறுநாள் மதியத்துக்குள் கட்டுகள் அஞ்சலகத்தில் இருக்கும். படிவத்தில் ஆசிரியராகவும் வெளியீட்டாளராகவும் பெயர் இருந்த அந்த அம்மையார் உண்மையில் செய்த வேலை இதுதான். இதழில் அவர் ஒரு வரிகூட எழுதியதில்லை. அவர் கைபடாத படி ஒன்றுகூட அஞ்சலுக்குப் போனதும் இல்லை.

அந்தப் பதிவேடு இப்போதும் இருக்கிறது. நீளமான கணக்குப் பேரேடு. மேலட்டை இரண்டு முறை மாற்றப்பட்டிருக்கிறது. 623526 என்ற தலைப்பின் கீழ் இராமேசுவரம், 623517-இன் கீழ் கீழக்கரை என்று உள்ளூர் முகவரிகள் முதலிலும், மதுரை, சென்னை முகவரிகள் அடுத்தும், வெளிநாடு கடைசியிலும் உள்ளன. ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் சந்தா முடியும் மாதம். திரும்பி வந்த படிகளுக்குச் சிவப்பு மையில் தேதியும், அஞ்சல்காரர் எழுதிய காரணமும். பெரும்பாலான சிற்றிதழ்கள் இந்த இடத்தில் பெயரை அடித்துவிடும். இவர் அடிக்கவில்லை, அதே ஊரில் உள்ள இன்னொரு சந்தாதாரருக்கு அஞ்சலட்டை போட்டு விசாரித்தார். சந்தாதாரர் இறந்துவிட்டார் என்று தெரிந்தால், குடும்பத்துக்கு ஆசிரியர் கையால் ஒரு கடிதம் போகும். அந்த இதழையும் உடன் வைப்பார்கள். அப்படிக் கடிதம் பெற்ற குடும்பங்களில் சில சந்தாவைத் தங்கள் பெயரில் தொடர்ந்தன. இரண்டாம் தலைமுறை வாசகர்கள் இந்த இதழுக்குக் கிடைத்தது இந்த வழியில்தான்.

வெளிநாட்டு முகவரிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் சென்றவர்கள் ஏராளம். துபாயில் வேலை பார்த்த கீழக்கரைக்காரர் ஒருவர் அங்குள்ள சந்தாக்களைத் திரட்டினார். எல்லாரும் அவரை, அண்ணன் என்ற பொருளில், காக்கா என்றே அழைத்தார்கள். விமான அஞ்சல் கட்டுப்படியாகாது என்பதால், விடுமுறை முடிந்து திரும்புகிறவர்களின் பெட்டியில் ஒரு கட்டு போகும். அங்கே அவர் அறை அறையாகக் கொடுப்பார். சந்தா கொடுத்தவர்களில் சிலர் மேலும் நன்கொடை தர முன்வந்தபோதுதான் சட்டச் சிக்கல் எழுந்தது. 2010-ஆம் ஆண்டின் அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பதிவுபெற்ற செய்தித்தாளின் ஆசிரியரோ உரிமையாளரோ வெளியீட்டாளரோ அயல்நாட்டுப் பங்களிப்பு பெறக் கூடாது. இந்தியக் குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாகத் தன் சேமிப்பை அனுப்புவது அந்த வரையறைக்குள் வராது. மலேசியக் குடியுரிமை பெற்றுவிட்டவர் கொடுத்தால் வரும். டி.டி.பி. கடைப் பெண் இதை ஒரு கணக்குத் தணிக்கையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மலேசியக் குடியுரிமை பெற்றவர்களிடமிருந்து சந்தா மட்டும் வாங்கி, நன்கொடைகளைத் திருப்பி அனுப்பினார். மனவருத்தங்கள் ஏற்பட்டன. ஆயினும் இத்தகைய கவனம் இல்லாமல் ஒரு சிற்றிதழ் தன்னை அறியாமலே குற்றத்தில் சிக்கிக்கொள்ள முடியும் என்பதை இதழ் நடத்துவோர் அறிந்திருப்பது நல்லது.

மாத இதழாக மாறிய முயற்சி

இந்த நிகழ்வில் மிகவும் கற்றுக்கொள்ளத் தக்க பகுதி, இதழ் சில காலம் மாத இதழாக வந்து மீண்டும் காலாண்டிதழானது. மாறியதற்குக் காரணம் அஞ்சல் கட்டணம். 1898-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம், 31 நாள்களுக்கு மிகாத இடைவெளியில் வெளிவருவதும் உண்மையான சந்தாதாரர் பட்டியல் உள்ளதுமான வெளியீட்டையே செய்தித்தாளாகப் பதிவுசெய்ய இடமளித்தது. அப்படிப் பதிவுசெய்த இதழ் 50 கிராமுக்குள் இருந்தால் ஒரு படியை இந்தியாவின் எந்த மூலைக்கும் அப்போது 25 காசில் அனுப்ப முடிந்தது. காலாண்டிதழுக்கு அந்தச் சலுகை இருக்கவில்லை. அது புக் போஸ்டில், பலமடங்கு கட்டணத்தில் போக வேண்டியிருந்தது. தமிழ்ச் சிற்றிதழ்களில் பெரும்பாலானவை காலாண்டிதழ்களாகவோ இருமாத இதழ்களாகவோ இருந்தமையால், அரசு தந்த மிகப் பெரிய சலுகை அவற்றுக்கு எட்டவே இல்லை.

கணக்கு எளிமையாகத் தோன்றியது. டெம்மி 1/8 என்ற பக்க அளவில், சதுர மீட்டருக்கு 70 கிராம் எடையுள்ள (70 ஜி.எஸ்.எம்.) தாளில் 32 பக்கமும் மெல்லிய அட்டையும் சேர்த்தால் ஏறக்குறைய 42 கிராம் வரும். மேலுறையோடு 50 கிராமுக்குள் அடங்கும். 64 பக்கக் காலாண்டிதழை 32 பக்க மாத இதழாக்கினால் அஞ்சல் செலவு மிகப் பெரிய அளவில் குறையும். ஆனால் ஆண்டுக்கு 256 பக்கம் நிரப்பிய இடத்தில் 384 பக்கம் நிரப்ப வேண்டியிருக்கும். பக்கங்கள் பாதியாகின்றன என்று எல்லாரும் நினைத்தார்கள்; உண்மையில் அவை ஒன்றரை மடங்காகின. இதோடு, சலுகை பெற்ற இதழ் குறித்த அஞ்சலகத்தில் குறித்த நாளில் சேர்க்கப்பட வேண்டியிருந்தது. தவறினால் சலுகைக்கே ஆபத்து.

அந்தக் கால இதழ்களைப் படிக்கும்போது நடந்தது தெளிவாகத் தெரிகிறது. மீனவரின் பக்கம் முதலில் சுருங்கி, பிறகு மாதம் விட்டு மாதம் வந்து, பின்னர் நின்றுபோகிறது. கடலுக்குப் போகிறவர் மாதக் கெடுவுக்குள் உட்கார்ந்து சொல்ல முடியாது. காற்றும் மீன்பாடும் அவர் நேரத்தைத் தீர்மானிக்கின்றன. வாசித்துக் காட்டும் முறை கைவிடப்பட்டது. அதற்குரிய நாள்கள் இல்லை. அந்த இடத்தை மீண்டும் கவிதைகளும் விழாச் செய்திகளும் பாராட்டுரைகளும் நிரப்பின. அஞ்சலில் மிச்சமான பணம் கூடுதல் அச்சுக்கூலியாகப் போயிற்று. ஆண்டுக்கு நான்கு முறை போட்ட அச்சுத் தகடுகளை, அதாவது பிளேட்டுகளை, இப்போது பன்னிரண்டு முறை போட வேண்டியிருந்தது. ஆஃப்செட்டில் சில நூறு படிகள் அச்சிடும் இதழுக்குத் தாளின் விலையைக் காட்டிலும் பிளேட்டும் ஏற்றுக்கூலியும்தான் பெரிய சுமை என்பதை அவர்கள் அனுபவத்தில் கற்றார்கள்.

மீண்டும் காலாண்டிதழாக்கலாம் என்று முதலில் சொன்னவர் மீனவர்தான். ஆசிரியர் அதைத் தோல்வியாகக் கருதித் தயங்கினார். டி.டி.பி. கடைப் பெண் பேரேட்டைத் திறந்து, மாத இதழான பின் சந்தா புதுப்பிக்காதவர்களில் பெரும்பாலோர் கடற்கரை ஊர்க்காரர்கள் என்று காட்டியபோது அவர் ஒப்புக்கொண்டார். எவருடைய இதழாக இருக்க வேண்டும் என்று தொடங்கினார்களோ அவர்கள்தான் முதலில் விலகிக்கொண்டிருந்தார்கள். இந்த உண்மை ஆசிரியரின் மேசையில் இருந்த எந்தக் கடிதத்திலும் இல்லை. பதிவேட்டில் மட்டுமே இருந்தது.

விளம்பரம், ஆயுள் சந்தா, கடன்

காலாண்டிதழாக மீண்டபின் கடற்கரை ஊர்க் கடைகளின் விளம்பரம் கொஞ்சம் கைகொடுத்தது: ஐஸ் கம்பெனி, டீசல் பங்க், வலைக் கடை, இஞ்சின் உதிரிப்பாகக் கடை. இந்த வருவாய்க்கு ஓர் ஒழுங்கு உண்டு. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான ஆண்டு மீன்பிடித் தடைக்காலம் முன்பு 45 நாளாக இருந்து, 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாளாயிற்று. அந்த இரண்டு மாதமும் துறைமுக ஊர்களில் பணப்புழக்கம் நின்றுவிடும். கோடை இதழுக்கு விளம்பரம் கிடைக்காது. ஆனால் அதே நாள்களில் விசைப்படகுத் தொழிலாளிகள் கரையில் இருப்பார்கள். பேச நேரமும் இருக்கும். எனவே கோடை இதழைப் பக்கம் குறைத்து, அந்தக் காலத்தில் நேர்காணல்களை எடுத்துவைத்து ஆண்டு முழுவதும் வெளியிடுவது என்று திட்டமிட்டார்கள். அச்சகம், அஞ்சலகம் ஆகியவற்றின் நாள்காட்டியை விட்டுக் கடலின் நாள்காட்டிக்கு இதழ் மாறியது இங்கேதான்.

விளம்பரம் கருத்தை வளைக்குமா என்ற சோதனையும் வந்தது. பாக் நீரிணையில் விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் வாரத்தின் நாள்களைப் பிரித்துக்கொண்டு தொழில் செய்வது வழக்கம். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைல்களுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிப்பதைத் தடுத்தது. இவ்விரண்டையும் மீறியதால் நாட்டுப்படகுக்காரர்களின் வலைகள் அறுபட்டதைப் பற்றி இதழ் விரிவாக எழுதியது. அடுத்த இதழுக்கு உதிரிப்பாகக் கடையும் ஐஸ் கம்பெனியும் விளம்பரம் தரவில்லை. யாரும் மிரட்டவில்லை, பில் போடப் போனபோது, இந்த முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் எதிர்பாராத திருப்பம் அதற்குப் பிறகு நடந்தது. விசைப்படகில் கூலிக்குப் போகும் தொழிலாளிகளையும் பேச வைக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர், வலை இழந்தவர்களின் பக்கம் நின்று எழுதிய அதே நாட்டுப்படகு மீனவர். படகு உரிமையாளருக்கும் தொழிலாளிக்கும் பங்கு எப்படிப் பிரிகிறது, இலங்கைக் கடற்படை பிடித்துப்போனால் சிறையில் இருக்கும் நாள்களில் வீட்டுச் செலவை யார் பார்க்கிறார்கள், படகு திரும்பாவிட்டால் வாங்கிய முன்பணம் என்ன ஆகிறது என்ற நேர்காணல் அடுத்த இதழில் வந்தது. கச்சத்தீவு குறித்த 1974, 1976 ஒப்பந்தங்களைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகள் எத்தனையோ உண்டு. ஆனால் கைதான ஒரு தொழிலாளியின் வீட்டில் முதல் வாரம் எப்படிக் கழிகிறது என்பதை நான் இந்த இதழில்தான் படித்தேன். விளம்பரங்களில் ஒன்று பின்னர் திரும்பி வந்தது. மற்றது வரவில்லை.

எந்தப் பகைமையையும்விட இதழை அதிகம் வருத்தியது அவர்கள் விரும்பி ஏற்ற ஆயுள் சந்தா. தொடக்க ஆண்டுகளில் அச்சகக் கடனை அடைக்க, ஆண்டுச் சந்தாவின் பத்து மடங்கை வாங்கிக்கொண்டு ஆயுள் முழுவதும் இதழ் அனுப்புவதாக அறிவித்தார்கள். அந்தப் பணம் ஓரிரு இதழ்களிலேயே செலவாகிவிடும். அனுப்பும் கடமை மட்டும் தொடரும். பத்தாண்டு கடந்தால் ஒவ்வொரு படியும் நட்டம். தாள் விலையும் அஞ்சல் கட்டணமும் ஏற ஏற அந்த நட்டமும் ஏறும். பேரேட்டில் ஆயுள் சந்தாதாரர் பெருகப் பெருக, பணம் வரும் பெயர்கள் குறைந்தன. தமிழ்ச் சிற்றிதழ்கள் பலவற்றை நிறுத்தியது வாசகர் இன்மை என்று சொல்லப்படுகிறது. வாசகர் இருந்தும், அவர்கள் எல்லாரும் முன்பே பணம் கட்டிவிட்டவர்களாக இருந்ததும் ஒரு காரணம் என்பதை இந்தக் கணக்கேடு காட்டுகிறது.

அவர்கள் கண்ட தீர்வு நேர்மையானது. நிலைமையை உள்ளபடி எழுதி, ஆயுள் சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் கடிதம் அனுப்பினார்கள். இதழைத் தொடர்ந்து இலவசமாகப் பெற விரும்பினால் பதில் எழுதத் தேவையில்லை, இதழ் வரும். இயன்றவர்கள் ஆண்டுச் சந்தாவுக்கு மாறினால் இதழ் பிழைக்கும் என்று அதில் இருந்தது. எவர் பெயரும் நீக்கப்படவில்லை. கணிசமானோர் மாறினார்கள். சொன்ன சொல்லை மீறாமல் கடனைக் குறைத்த வழி இது என்பதால், இதே நெருக்கடியில் இருக்கும் பிற இதழ்களுக்கு இதை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். கடிதங்களுக்கு வந்த பதில்களைக் கோப்பில் படித்தேன். பலர் தங்கள் ஊர்ப் பக்கம் பற்றி எந்த இதழில் என்ன வந்தது என்று நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஆசிரியரைப் பாராட்டும் வரிகளைக் காட்டிலும் மீனவரின் பக்கத்தைக் கேட்கும் வரிகள்தான் மிகுதி.

ஆசிரியர் ஓய்வுபெற்றபின் தன் பெயரையே படிவத்தில் இடலாம் என்று எண்ணினார். ஆனால் பெயர் மாற்றத்துக்குப் புதிய உறுதிமொழி, நிர்வாக நடுவர் அலுவலகம், மறுபதிவு என்று அலைய வேண்டியிருந்ததால் அது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. பிறகு அவருக்குக் கண்பார்வை மங்கியது. மெய்ப்புப் பார்க்க இயலவில்லை. வழக்கமாகச் சிற்றிதழ்கள் நிற்கும் இடம் இது. இந்த இதழ் நிற்கவில்லை. காரணம், முகவரிகள் அவரிடம் இல்லை, கடையில் இருந்தன. எழுதுபவர்களோடு உறவும் அவர் ஒருவரிடம் இல்லை, மீனவரிடமும் பாசி எடுக்கும் பெண்களிடமும் துபாய்க் காக்காவிடமும் பரவியிருந்தது. 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2023-ஆம் ஆண்டின் பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்து, உறுதிமொழி முறை நீங்கி இணையவழி விண்ணப்பம் வந்தபின், வெளியீட்டாளராக டி.டி.பி. கடைப் பெண்ணின் பெயரைப் பதிவுசெய்ய விண்ணப்பித்தார்கள்.

இப்போது அவர் முன் இருக்கும் பெரிய வேலை பழைய இதழ்கள். தொடக்க ஆண்டுகளின் பக்கங்கள் பேஜ்மேக்கர் என்ற பக்க அமைப்பு மென்பொருளில், அந்தக் காலத்து எழுத்துரு ஒன்றில் அமைந்தவை. தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியை (யூனிகோட்) ஏற்றது. ஆனால் அதற்கு முன் உருவான கோப்புகளைத் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். மாற்றுச் செயலிகள் உண்டு என்றாலும், பழைய எழுத்துருக்களில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மெய்யெழுத்துக்கு முன்னால் தட்டப்பட்டவை. மாற்றும்போது அவை இடம் மாறி அடுத்த எழுத்தில் ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு பக்கத்தையும் அச்சுப் படியோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டத்தின்கீழ்ச் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்ப வேண்டிய படிகளும் எல்லா ஆண்டுகளிலும் அனுப்பப்படவில்லை என்று பேரேட்டிலிருந்து தெரிகிறது. முழுத் தொகுப்பு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது; கடற்காற்றில் முதுகுப் பின்கள் துருவேறி, தாள் அந்த இடத்தில் பழுத்து உதிர்கிறது. பின்களை எடுத்துவிட்டு நூலால் தைக்கும் வேலை நடந்துவருகிறது.

பக்கங்களை ஒப்பிடும் பணியில் பாசி எடுக்கும் அந்த மூத்த பெண்ணின் பேத்தி மாலை நேரங்களில் கடைக்கு வந்து உதவுகிறார். இராமநாதபுரத்தில் கல்லூரியில் படிக்கிறார். பாட்டி சொன்ன பக்கங்களை அவர்தான் சரிபார்த்தார். மூன்று இடங்களில் இடப்பெயர் தவறாக அச்சாகியிருப்பதைக் காட்டினார். வரும் இதழில் திருத்தம் வெளியாகிறது. அவரை ஆசிரியர் குழுவில் சேர்த்து, பெயரை அட்டையின் உட்பக்கத்தில் அச்சிடுவதென்று கடந்த கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது.